பதிமூணு டாலர் துணியும் பதினெட்டு மிஷினும்

அமெரிக்கா வந்த புதுசுல எல்லாரும் சொல்ற முதல் அறிவுரை என்ன தெரியுமா? "எதை வாங்கினாலும் ரூபாய்ல மாத்திப் பார்க்காதே, பட்டினி கிடந்து செத்துருவே." நானும் ரொம்ப ஒழுங்கா கடைப்பிடிச்சேன். காபி, முடிவெட்டு, கார் இன்சூரன்ஸ், எதையும் மாத்திப் பார்த்ததில்லை. ஆனா ஒரே ஒரு சாமான் விசயத்துல மட்டும் அந்தக் கட்டுப்பாடு உடைஞ்சு போயிரும். துணி.

போன வருசம், அதாவது 2025 செப்டம்பர்ல, இங்க ஓஹையோவுல ஒரு சின்னத் துணிக்கடையில நின்னுக்கிட்டு இருக்கேன். நீலக் கலர் பருத்தி. கெஜம் 12 டாலர் 99 செண்ட். டாலருக்கு அப்போ 88 ரூபாய். கை தானா போனை எடுத்துருச்சு. ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு ரூபாய். ஒரு கெஜம்! அதுவும் பன்னா 44 இன்ச்தான். எங்க ஊர்ல இந்த விலைக்கு ஒரு பட்டு பார்டர் வேட்டி வாங்கி, மிச்சக் காசுல கரம் தின்னுட்டு வரலாம்.

எங்க ஊர் எதுன்னு சொல்லலையே. கரூர். பெட்ஷீட், தலையணை உறை, சமையலறை டவல், ஏப்ரன், டேபிள் மேட்னு வீட்டுக்குத் தேவையான துணியெல்லாம் தைச்சு உலகம் பூரா அனுப்புற ஊர். அப்பா ஒரு ஜாப் ஒர்க் கம்பெனி வச்சிருக்கார். கம்பெனின்ன உடனே பெருசா நினைச்சுக்காதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், பதினெட்டு தையல் மிஷின், ஒரு கட்டிங் டேபிள், செக்கிங்குக்கும் மடிக்கறதுக்கும் நாலு அக்காங்க. எக்ஸ்போர்ட்டர் துணி கொடுப்பார், அப்பா தைச்சுக் கொடுப்பார், பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. அந்த மிஷின் சத்தத்துல இருந்து தப்பிக்கறதுக்காகத்தான் விழுந்து விழுந்து படிச்சு பி.ஈ. முடிச்சு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தேன். கடைசில பார்த்தா பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, சனிக்கிழமையானா தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். விதி வலியதுன்னு சும்மாவா சொன்னாங்க :-)

க்வில்ட்னா தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். துண்டுத் துண்டாத் துணியை வெட்டி, கணக்கா ஒட்டுப்போட்டு ஒரு மேல்துணி. அடியில இன்னொரு துணி. நடுவுல மெலிசான பஞ்சுத் தகடு. மூணையும் சேர்த்து மேலிருந்து கீழ வரை தையல் ஓட்டினா க்வில்ட். அந்தப் பஞ்சுத் தகடுக்கு இங்க 'பேட்டிங்'னு பேர். முதல் தடவை "உனக்கு பேட்டிங் வேணுமா?"ன்னு கடைக்காரம்மா கேட்டப்போ, ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடறது இவங்களுக்கு எப்படித் தெரியும்னு முழிச்சேன்.

இதை எனக்குக் கத்துக் கொடுத்தது எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டுப் பாட்டி. எழுபது வயசுக்கு மேல, தனியா இருக்காங்க. அவங்க என்னை பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வாங்க, நானும் அப்படித்தான் கூப்பிடறேன், ஆனா மனசுக்குள்ள பாட்டிதான். 2022 டிசம்பர்ல பனி கொட்டிக்கிட்டு இருக்கும்போது அவங்க காரைச் சுத்தி இருந்த பனியை வாரிக் கொடுத்தேன். பதிலுக்குக் கூப்பிட்டு காபி கொடுத்தாங்க. ஹால்ல ஒரு தையல் மிஷின். பாபினை மாட்டிக்கிட்டு இருந்தாங்க, நூல் சிக்கிக்கிச்சு. நான் பேசாம வாங்கி ரெண்டு செகண்ட்ல மாட்டிக் கொடுத்துட்டேன். சின்ன வயசுல லீவு நாள்ல அப்பா கம்பெனியில நான் பார்த்த ஒரே வேலை அதுதானே. பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது.

சரி, விலைக்கு வருவோம். நான் ஆரம்பிச்சப்போ பெரிய சங்கிலிக் கடைகள்ல கூப்பன் போட்டா பாதி விலைக்குத் துணி கிடைச்சது. இந்த ஓஹையோவுலயே 1943-ல ஆரம்பிச்ச ஜோஆன் கடை 2024 மார்ச்ல ஒரு தடவை, 2025 ஜனவரியில இன்னொரு தடவைன்னு திவால் மனு போட்டு, 2025 மே மாசத்தோட நாடு முழுக்க இருந்த சுமார் 800 கடையையும் மூடிட்டாங்க. மூடுற தள்ளுபடி விற்பனைக்கு நானும் பாட்டியும் போனோம். ரேக் எல்லாம் காலி, ரேக்கையே வித்துக்கிட்டு இருந்தாங்க. பாட்டி ஒரு கத்தரிக்கோல் வாங்கிக்கிட்டு, "நாப்பது வருசமா வர்ற கடை"ன்னு மட்டும் சொன்னாங்க.

இன்னொரு வேடிக்கை. உலகத்துக்கே பருத்தி ஏத்துமதி பண்ற நாடு இது. ஆனா இங்க கடையில விக்கிற க்வில்ட் துணியை எடுத்து எந்த நாட்டுல தயாரானதுன்னு பாருங்க. கொரியா, ஜப்பான், பாகிஸ்தான், இந்தியான்னு இருக்கும். பஞ்சு கப்பலேறிப் போய் துணியாத் திரும்பி வருது. ஆக, வரி போட்டா விலை ஏறாம என்ன பண்ணும்? 2025 ஆகஸ்ட் 27-ல இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆச்சு. மத்த நாட்டுத் துணிக்கும் ஆளுக்கு ஏத்த மாதிரி ஒரு வரி. பதினோரு டாலருக்கு நான் வாங்கின அதே துணி பதிமூணு ஆயிருச்சு.

இந்த மூணு வருசத்துல செலவைக் குறைக்க நான் கத்துக்கிட்ட சில விசயங்களைச் சொல்லிடறேன். யாருக்காவது உதவும்.

முதல்ல, பழைய சட்டை. தானமா வந்ததை விக்கிற கடைகள்ல பெரிய சைஸ் ஆம்பளைச் சட்டை நாலஞ்சு டாலருக்குக் கிடைக்கும். முதுகு, முன்பக்கம், கை எல்லாம் பிரிச்சா கிட்டத்தட்ட ஒரு கெஜம் தேறும். லேபிள்ல நூறு சதவீதம் பருத்தின்னு இருக்கணும். லேபிள் இல்லைன்னா ஓரத்துல ஒரு நூலை உருவித் தீக்குச்சியில காட்டுங்க. காகிதம் எரியற வாசம் வந்து சாம்பலானா பருத்தி. உருகி உருண்டையாச்சுன்னா பாலியஸ்டர், கீழே வச்சுருங்க. (கடைக்குள்ளயே பண்ணாதீங்க, ஹி ஹி.)

ரெண்டாவது, அடித்துணி. 44 இன்ச் பன்னாவுல வாங்கினா ஒட்டுப்போட்டுத்தான் ஆகணும். 60-க்கு 72 இன்ச் போர்வைக்கு நாலு கெஜம் வேணும். அதுக்குன்னே 108 இன்ச் பன்னாவுல துணி இருக்கு, ரெண்டு கெஜம் போதும். கெஜ விலை கூடத்தான், ஆனா மொத்தக் கணக்குல லாபம். பருத்தி பெட்ஷீட்டும் போடலாம், ஆனா நெருக்கமா நெய்த ஷீட்டா இருந்தா கையால தைக்கும்போது ஊசி இறங்காது, விரல் புண்ணாயிரும்.

மூணாவது, எந்தப் பழைய துணியா இருந்தாலும் முதல்ல துவைச்சுருங்க. சுருங்கறது சுருங்கட்டும், சாயம் போறது போகட்டும்.

இதெல்லாம் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி நான் சொன்னதும் பாட்டி சிரிச்சுட்டாங்க. அவங்க அம்மா காலத்துல கோதுமை மாவும் கோழித்தீவனமும் பருத்திச் சாக்குலதான் வருமாம். பொம்பளைங்க அதைத் துணியாப் பயன்படுத்தறாங்கன்னு தெரிஞ்சதும் கம்பெனிக்காரங்க சாக்குலயே பூ டிசைன் அச்சடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அங்க இருக்கற கறுப்பினப் பெண்கள் வயல்ல போட்டுத் தேய்ஞ்ச பேண்ட், சட்டையிலேயே க்வில்ட் தைச்சாங்க. 1972-ல சியர்ஸ் கம்பெனிக்காக கார்டுராய் துணியில தலையணை உறை தைக்கிற ஆர்டர் அந்தப் பக்கத்துக் கூட்டுறவுக்குக் கிடைச்சது. வெட்டி மிஞ்சின துண்டு எல்லாம் வீட்டுக்குப் போய் க்வில்ட் ஆச்சு. பிற்பாடு அவங்க க்வில்ட்டுகளை நியூயார்க் விட்னி மியூசியத்துல மாட்டினாங்க, 2006-ல தபால் தலையாவும் வந்துச்சு. ஆர்டர்ல மிஞ்சின துணி வீட்டுக்கு வர்ற கதையைக் கேட்டதும் நம்ம ஊர் மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. அந்தக் கதை என் வீட்டுக்கே வரும்னு அப்போ தெரியாது.

செப்டம்பர்ல அந்தக் கடையில நான் நின்னது பாட்டியோட க்வில்ட்டுக்காக. அவங்களுக்கு மூட்டுவாதம், விரல் மடங்க மாட்டேங்குது. வசந்தம் வந்ததும் அரிசோனாவுல இருக்கற மகள் வீட்டுக்கே போயிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. போறதுக்கு முன்னாடி பீரோவைக் காலி பண்ணும்போது, பாதியில விட்ட ஒண்ணு கிடைச்சது. ஒன்பது கட்டம் போட்ட பன்னிரண்டு இன்ச் சதுரம், பதினஞ்சு. நடுநடுவுல வெத்துச் சதுரம் பதினஞ்சு வச்சா ஒரு போர்வை. நான் முடிச்சுத் தர்றேன்னு வாய் விட்டுட்டேன். வெத்துச் சதுரத்துக்கு ரெண்டு கெஜம், அடித்துணி நாலு, ஓரப்பட்டிக்கு அரை. ஆறரை கெஜம், பேட்டிங் தனி. நூத்திப் பத்து டாலர் பக்கம் வந்துச்சு. பாட்டி காசு கொடுக்க பர்ஸை எடுத்தாங்க. அவங்க பென்ஷன் கணக்கு எனக்குத் தெரியும். "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொல்லிக் கடையை விட்டு வந்துட்டோம்.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட போன்ல ஒரே புலம்பல்.

"ஒரு கெஜம் ஆயிரத்து நூத்துச் சில்லறைங்கப்பா. இந்த வரியால எல்லாமே ஏறிப்போச்சுங்க. துணியே வாங்க முடியல."

"அட அப்படியா கண்ணு?"ன்னு சிரிச்சார். "என்ன மாதிரி துணி வேணும், அளவு சொல்லு. நான் அனுப்பறேன்."

"நம்ம கம்பெனிக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?"

"நமக்குப் பாதிக்கு மேல யூரோப் ஆர்டரு. அமெரிக்கா கொஞ்சந்தான். நீ வேலையப் பாரு சாமி."

நானும் நம்பிட்டேன். செய்தியில கரூர், திருப்பூர்னு பேர் வரும்போதெல்லாம் நமக்கில்லைன்னு அடுத்த செய்திக்குப் போயிருவேன். மனுசனுக்குத் தனக்குச் சௌகரியமானதை நம்பறது எவ்வளவு சுலபம் பாருங்க.

பார்சல் அனுப்பறதுல ஒரு சிக்கல். ஆகஸ்ட் 25-ல இருந்து நம்ம தபால்துறை அமெரிக்காவுக்குப் பார்சல் எடுக்கறதையே நிறுத்தி வச்சிருந்தாங்க. அக்டோபர் நடுவுலதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. நல்லவேளையா என் ரூம்மேட்டோட அக்கா மாமியார் நவம்பர் முதல் வாரம் வந்தாங்க. ரெண்டு பெட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ. ஊறுகா, பருப்புப்பொடி, முறுக்கு, வெள்ளிக் குத்துவிளக்கு, இதுக்கு நடுவுல என் துணி மூட்டை. அந்தம்மா பெரிய மனசு பண்ணித் தூக்கிட்டு வந்தாங்க.

மூட்டையைப் பிரிச்சேன். நான் எதிர்பார்த்தது வெட்டுத்துணி. கட்டிங் டேபிள்ல விழற துண்டு துக்கடா. அதை அப்பா கிலோ கணக்குல போடறது வழக்கம். உள்ள இருந்தது முழுத்துணி. நீலமும் வெள்ளையுமா கட்டம், அறுபது இன்ச் பன்னா, ரெண்டு ரெண்டு மீட்டரா மடிச்சு எட்டு மீட்டர். மடிப்பு அப்பா மடிச்சது, பார்த்த உடனே தெரியும். அடியில தைச்சு முடிச்ச ரெண்டு ஏப்ரன். அதே நீலக் கட்டம். பாட்டிக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கார் போல.

ஏப்ரன்ல ஒரு அட்டை தொங்குச்சு. பார்கோடு, விலை 14 டாலர் 99 செண்ட்.

வெளியாளுங்களுக்கு அது வெறும் அட்டை. எங்களுக்கு அதோட அர்த்தம் வேற. அந்த விலை அட்டை கடைசி வேலை. தைச்சு, பிசிறு வெட்டி, செக்கிங் பண்ணி, அயர்ன் பண்ணி, பெட்டியில போடறதுக்கு முன்னாடிதான் கட்டுவாங்க. கட்டிட்டா அந்தச் சரக்கு நம்மது இல்லை. ஒரு பீஸ் குறைஞ்சாலும் எக்ஸ்போர்ட்டர் பில்லுல பிடிச்சுருவார். டாலர் விலை கட்டின ஏப்ரனை அப்பா எனக்கு அனுப்பியிருக்கார்னா, அந்தப் பெட்டி கப்பலேறவே இல்லை.

அப்பாவுக்குப் போடாம அம்மாவுக்குப் போட்டேன்.

"அம்மா, கம்பெனியில எத்தனை மிஷின் ஓடுது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உங்கப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாரு சாமி"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. ஆகஸ்ட் கடைசியிலயே ஆர்டரை நிறுத்தி வச்சுட்டாங்களாம். பதினெட்டு மிஷின்ல அஞ்சுதான் ஓடுது. எக்ஸ்போர்ட்டர் பாவம் அவர் கதையும் அதேதான், ரெண்டு மாசக் கூலி பாக்கி. கேட்டதுக்குப் "பணமா இப்ப இல்லீங்க, துணியா எடுத்துக்கங்க"ன்னுட்டாராம். தீபாவளிக்கு போனஸ் கொடுக்காம இருக்க முடியுமா? அம்மாவோட நாலு பவுன் செயின் அடகுக்குப் போயிருக்கு. பதினஞ்சு வருசமா வேலை பார்க்கற டைலருங்க, அவங்க பிள்ளைங்களுக்குப் பட்டாசு வாங்கணுமேன்னு அப்பாவே கழட்டிக் கேட்டிருக்கார்.

போனை வச்சுட்டு அந்த எட்டு மீட்டரைப் பார்த்தேன். அது துணி இல்லை. அப்பாவோட கூலி. அதுல ஒரு பங்கை மடிச்சு எனக்கு அனுப்பிட்டார். அவர்கிட்ட போய் நான் கெஜத்துக்கு ரெண்டு டாலர் ஏறிப்போச்சுன்னு புலம்பியிருக்கேன். அவரும் "அட அப்படியா கண்ணு"ன்னு கேட்டிருக்கார்.

அடுத்த நாள் அப்பாகிட்ட பேசினேன். பேசினேன்னா, சண்டை. பணம் அனுப்பறேன்னேன். "அனுப்பினா திருப்பி அனுப்புவேன்"னார். எம்பது தொண்ணூறுல இதைவிட மோசமாப் பார்த்தவன் நான், பாத்துக்கலாம் விடுன்னார். கடைசியா, "சரிங்கப்பா, துணிக்காவது விலை எடுத்துக்கங்க. இங்க கடை விலைக்குப் போட்டா எட்டு மீட்டருக்கு நூத்திப் பதினாலு டாலர் ஆகுது"ன்னேன்.

"என்னது! மீட்டர் நூத்தி இருபது ரூபாய்த் துணிடா அது. எட்டு மீட்டர் தொள்ளாயிரத்து அறுபது. அதுக்கு மேல ஒரு பைசா வந்தா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

தொள்ளாயிரத்து அறுபது ரூபாய் அனுப்பினேன். வாங்கிக்கிட்டார். (செயினை மீட்டது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். அப்பா கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார்ங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன்.)

அப்புறம் தைக்க உட்கார்ந்தேன். க்வில்ட் துணியைவிட இது தடிமன், நெசவு கொஞ்சம் லூஸ், வெட்டின ஓரம் பிரியும். அதனால ஒவ்வொரு சதுரத்துக்கும் முதல்ல ஓரத்துல ஜிக்ஜாக் அடிச்சேன். துவைச்சப்போ முதல் தண்ணி நீலமா வந்துச்சு, மூணாவது தடவை தெளிஞ்சது. பாட்டி பக்கத்துல உட்கார்ந்து எந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல எதுன்னு கையைக் காட்டிச் சொன்னாங்க. துணி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க, முழுசாச் சொன்னேன். ஏப்ரன்ல தொங்கின விலை அட்டையை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இதை உங்க அப்பா இடத்துலதான் கட்டினாங்களா? நான் இத்தனை வருசமா இதைப் பிய்ச்சுக் குப்பையில போட்டுக்கிட்டு இருந்தேன்"னாங்க. அந்த அட்டையைப் பிய்க்க விடலை. இன்னமும் அவங்க ஏப்ரன்ல தொங்குது.

டிசம்பர் கடைசியில க்வில்ட் முடிஞ்சது. அமெரிக்கக் கடைக்குன்னு நெய்து, கப்பலேறாம நின்னுபோன துணி, மாமியார் பெட்டியில முறுக்குக்கு நடுவுல ஏறி அமெரிக்கா வந்து சேர்ந்துருச்சு. பாட்டி அதைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கற போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரும்னு காத்திருந்தேன்.

அரை மணி நேரம் கழிச்சு போன் வந்துச்சு.

"அந்த வலது பக்கக் கீழ் மூலை பாரு கண்ணு. மடிப்பு சரியா உட்காரலை. பிரிச்சுட்டுத் திரும்ப அடி. பையர் பார்த்தா ரிஜெக்ட் பண்ணிருவான்."

"சரிங்கப்பா"ன்னேன். பிரிச்சுட்டுத் திரும்ப அடிச்சேன்.

பொங்கலுக்குப் பேசும்போது எட்டு மிஷின் ஓடுதுன்னார். உள்ளூர் கடைக்கு டவல் தைக்கிறாங்களாம். இந்தத் தடவை அம்மாகிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். எட்டுதான்.